காவிரி பிறக்கும் மலை: டெல்டாக்காரர் குடகில் எதைப் பார்க்க வேண்டும்?

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்க பக்கம் மேடுன்னு சொன்னா ஆத்தங்கரைதான். கார்த்திகை பொறந்ததும் அம்மா, தங்கச்சியோட நாலு நாள் குடகு மலைக்குப் போகலாம்னு இருக்கோம். நடக்க எது நல்ல இடம், என்ன மிருகம் பறவை பாக்கலாம், அந்த மலையப் பத்தி என்ன கதை சொல்றாங்க? அம்மாவுக்கு முட்டி வலி. ஆனா தலைக்காவேரி பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை."

தம்பி, முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவோடு பாகமண்டலமும் தலைக்காவேரியும் ஒரு நாள். நீங்களும் தங்கையும் தெற்குக் குடகில் இருக்கிற பிரம்மகிரியில் ஒரு முழு நாள் நடை. மிச்ச நேரம் இருந்தால் தடியண்டமோள் சிகரத்தின் அடிவாரம். மடிக்கேரியில் எல்லோரும் வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்கும் இடங்களை விட்டுவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், நாம் அந்த மலைக்குப் போகிற காரணம் மற்றவர்களுடையதைப் போன்றது இல்லை. ஆடி மாதம் நம் வீடுகளில் காலைக் காப்பியோடு பேசுவது என்ன? கே.ஆர்.எஸ். 124.8 அடியைத் தொட்டுவிட்டதா, கபினியில் எவ்வளவு திறந்தார்கள், மேட்டூர் 120 ஆகுமா. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் அணைகளின் பெயரைத்தான் சொல்வோம். அந்த அணைகளுக்கெல்லாம் மேலே, மழையை முதலில் வாங்கி, மண்ணுக்குள் இறக்கி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற ஒன்று இருக்கிறது. அது குடகின் காடு. மேட்டூர் அணை 1934இல் வந்தது. அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே கல்லணை கட்டி நாம் விவசாயம் பார்த்தது அந்தக் காட்டை நம்பித்தான். அதை ஒருமுறை நடந்து பார்க்காமல் காவிரியைப் பற்றி நாம் பேசுவதில் ஏதோ குறைகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

போவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பிரம்மகிரி என்ற பெயரில் குடகில் இரண்டு இடம் உண்டு. ஒன்று, தலைக்காவேரி கோயிலுக்கு மேலே படி ஏறிப் போகும் குன்று. இன்னொன்று, அங்கிருந்து தெற்கே, கேரளத்தின் வயநாட்டு எல்லையில் நிற்கும் மலைத்தொடர். 1,608 மீட்டர் உயரமுள்ள பிரம்மகிரி சிகரம் இந்த இரண்டாவதில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள காடு 1974இல் வனவிலங்குச் சரணாலயம் ஆனது, பரப்பு 181 சதுர கிலோமீட்டர். "பிரம்மகிரிக்கு வண்டி வேண்டும்" என்று மட்டும் டிரைவரிடம் சொன்னால் பெரும்பாலும் கோயிலுக்குத்தான் கொண்டு போவார். நடைக்குப் போக வேண்டுமானால் "இருப்பு அருவி" என்று சொல்லுங்கள்.

தலைக்காவேரியைப் பற்றி அம்மாவிடம் முன்பே சொல்லிக் கூட்டிப்போவது நல்லது: அங்கே ஆறு தெரியாது. குண்டிகை என்று சொல்லும், கல் கட்டிய ஒரு சிறிய ஊற்றுத்தொட்டி, அதை ஒட்டிப் படிகள் இறங்கும் ஒரு சதுரக் குளம், அவ்வளவுதான். குண்டிகையிலிருந்து ஊறும் நீர் குளத்துக்கு வருகிறது, பிறகு மண்ணுக்கடியில் மறைந்து சரிவில் கீழே வேறிடத்தில் வெளியே வருகிறது என்று நம்புகிறார்கள். திருச்சியில் முக்கொம்பின் அகலத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இதைப் பார்த்ததும் "இவ்வளவுதானா?" என்று ஒரு நிமிஷம் நின்றுவிடுவார்கள். நின்று பார்க்கட்டும். ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடிப் பூம்புகாரில் கடலைத் தொடும் ஆற்றின் முதல் நீர் அது. இடம் கடல்மட்டத்துக்கு மேலே 1,276 மீட்டர். கார்த்திகையிலும் காலையில் மூடுபனி இருக்கும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் அவசியம். கோயில் வரை வண்டி போகும். வாசலிலிருந்து உள்ளே ஏற வேண்டிய படிகளை நிதானமாக ஏறிவிடலாம். அதற்கு மேலே குன்றின் உச்சிக்குப் போகும் சில நூறு படிகளை அவர் முட்டிக்குக் கொடுக்க வேண்டாம். ஏறவிடுகிற நாளாக இருந்தால் நீங்கள் மட்டும் போய் வாருங்கள். அந்த உச்சியில் சப்தரிஷிகள் யாகம் செய்தார்கள் என்பது தலபுராணம்.

உச்சியில் நின்று பார்க்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். இந்த முகட்டுக்குக் கிழக்கே விழும் மழை நம்முடையது. மேற்கே விழுவது சின்னச் சின்ன ஆறுகளாகக் கேரளக் கரையில் இறங்கி அரபிக்கடலுக்குப் போகிறது. ஒரு முகட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் ஒரு துளியின் தலையெழுத்து மாறிவிடுகிறது. மேகம் வருவதோ மேற்கிலிருந்து. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்தச் சுவரில் மோதிக் கொட்டித் தீர்க்கிறது. அதே நாட்களில் தஞ்சாவூரில் வானம் வெளுத்துக் கிடக்கும். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆடியில் மலை மழை ஆற்று வழியாக வருகிறது, ஐப்பசியில் நம் சொந்த மழை வானத்திலிருந்து வருகிறது. குறுவையும் சம்பாவும் ஒரே ஆண்டில் நமக்குக் கிடைப்பது இந்த இரண்டு மழையின் புண்ணியம்.

தலைக்காவேரிக்கு முன்னால் பாகமண்டலம் வரும். கேரளப் பாணியில் அமைந்த பாகண்டேசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. காவிரி, கன்னிகை, கண்ணுக்குத் தெரியாத சுஜ்யோதி மூன்றும் கூடுமிடம் என்பதால் திரிவேணி சங்கமம் என்பார்கள். முதலில் இங்கே முழுகி, முன்னோர்க்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் மேலே போவது வழக்கம். காவிரியை ஆறாகப் பார்க்கும் முதல் இடம் இதுதான். கணுக்கால் நனையும் அளவு நீரில் நின்றுகொண்டு அம்மா எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

இனி கதைகள். நீங்கள் கேட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இது, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

குடகில் சொல்லும் கதையில் காவேரி ஒரு பெண். பிரம்மனின் மகளாக இருந்து, கவேர முனிவருக்கு வளர்ப்பு மகளாகக் கொடுக்கப்பட்டவள். அகத்தியர் அவளை மணக்க விரும்பியபோது ஒரு நிபந்தனை போட்டாள்: என்னைத் தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது, போனால் நான் ஆறாகிப் போய்விடுவேன். ஒருநாள் அகத்தியர் அவளைக் கமண்டலத்தில் நீராக வைத்துவிட்டு, சீடர்களைக் காவல் வைத்து, குளிக்கப் போனார். சொன்ன சொல் தவறியது. கமண்டலத்திலிருந்து வெளியேறி அவள் ஓடத் தொடங்கினாள். சீடர்கள் தடுக்க வந்ததும் மண்ணுக்கடியில் புகுந்து பாகமண்டலத்தில் வெளிப்பட்டாள். மலைமக்கள் பலமுரி என்ற இடத்தில் கூடி, போகாதே என்று மறித்தார்கள். பெண்கள் ஆற்றின் குறுக்கே நின்றார்கள். வந்த வேகத்தில் வெள்ளம் அவர்கள் புடவைக் கொசுவத்தை முன்னாலிருந்து பின்னால் தள்ளிவிட்டது. குடகுப் பெண்கள் இன்றும் கொசுவத்தைப் பின்பக்கம் வைத்துக் கட்டுவது அதனால்தான் என்பார்கள். மடிக்கேரியில் ஒரு கல்யாண வீட்டைக் கடந்து போக நேர்ந்தால் பாருங்கள், பின்கொசுவமும் வலத்தோளில் முடிந்த முந்தானையுமாக அவர்கள் நிற்பது தனி அழகு.

நம் பக்கத்துக் கதைகளை இதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். சீர்காழியில் இந்திரன் வளர்த்த நந்தவனம் மழையில்லாமல் வாடியது. அவன் விநாயகரை வேண்டினான். அவர் காகமாகப் பறந்து போய் அகத்தியரின் கமண்டலத்தைக் கவிழ்த்தார், காவிரி வந்தாள். மணிமேகலையின் பதிகத்தில் வேறு மாதிரி: காந்தமன் என்ற சோழன் வேண்டிக்கொள்ள, அகத்தியர் தாமே கரகத்தைக் கவிழ்க்கிறார். கும்பகோணத்துக்கு மேற்கே திருவலஞ்சுழியில் சொல்வது இன்னும் உருக்கமானது. ஓடிவந்த காவிரி அங்கே ஒரு பிலத்துக்குள் புகுந்து மறைந்துவிட்டாள். ஓர் அரசனோ ஒரு முனிவரோ உள்ளே இறங்கித் தன்னைக் கொடுத்தால்தான் வெளியே வருவாள் என்று அசரீரி. ஏரண்ட முனிவர் இறங்கினார். காவிரி மேலே வந்து, கோயிலை வலமாகச் சுழித்துக்கொண்டு போனாள்.

மலையில் உள்ளவர்கள் கதையில் அவளைப் போகவிடாமல் மறிக்கிறார்கள். நம்மவர்கள் கதையில் அவளை வரவழைக்க வேண்டுகிறார்கள், தவம் இருக்கிறார்கள், உயிரைக்கூடக் கொடுக்கிறார்கள். பெண்ணைப் பெற்ற வீடும் பெண் வந்து சேர்ந்த வீடும் பேசுவது போல இரண்டும் இருக்கின்றன. இரண்டு பக்கத்துக் கதையிலும் அவள் கடைசியில் ஓடித்தான் வருகிறாள். தண்ணீர்ப் பங்கீட்டைப் பற்றிப் பேச்சு சூடாகும் ஆண்டுகளில் இந்தக் கதைகள் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

வழிபாட்டிலும் இரண்டு முனையும் ஒரே நாளில் சந்திக்கின்றன. சூரியன் துலா ராசிக்குள் போகும் நாள், பெரும்பாலும் அக்டோபர் 17, தலைக்காவேரியில் தீர்த்தோத்பவம். பஞ்சாங்கம் கணித்த நிமிஷத்தில் குண்டிகையில் நீர் பொங்கும் என்று நம்பி, நேரம் நள்ளிரவானாலும் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். அந்த நீரை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள். தேங்காய்க்கோ வெள்ளரிக்காய்க்கோ துணி சுற்றி, நகை போட்டு, அதையே காவேரியம்மனாக வைத்து வீட்டுப் பெண்கள் பூசை செய்வார்கள். நமக்கு அன்று ஐப்பசி முதல் தேதி, மயிலாடுதுறை துலாக்கட்டத்தில் முழுக்கு ஆரம்பம். கங்கை முதலான நதிகள் எல்லாம் தங்கள் பாவத்தைக் கழுவ ஐப்பசியில் இங்கே வருகின்றன என்பது ஐதீகம். கடைசி நாள் கடைமுழுக்கு. அதற்குள் வந்து சேர முடியாத ஒரு முடவருக்காகக் கார்த்திகை முதல் நாளையும் இறைவன் சேர்த்துக் கொடுத்தார் என்று முடவன் முழுக்கு. நீங்கள் கார்த்திகையில் கிளம்புவதால் அம்மா முடவன் முழுக்கில் முழுகிவிட்டு அன்று மாலையே ரயில் ஏறலாம். துலாக்கட்டத்திலிருந்து தலைக்காவேரிக்கு, அதைவிட நல்ல வரிசை வேறில்லை.

இப்போது நடைக்கு வருவோம். தெற்குப் பிரம்மகிரி நடை இருப்பு அருவிப் பக்கம் தொடங்குகிறது. அருவி ஏறக்குறைய 170 அடி. விழுந்து ஓடும் ஆறு லட்சுமண தீர்த்தம். சீதையைத் தேடி வந்த வழியில் இராமனுக்குத் தாகம் எடுக்க, இலட்சுமணன் மலையில் அம்பு விட்டுத் தண்ணீர் வரவழைத்தான் என்று கதை. கரையில் இராமேசுவரர் கோயில், சிவராத்திரிக்குக் கூட்டம் நெரியும். அம்மா கோயில் வரை தாராளமாக வரலாம். அருவிக்குப் போகும் பாதையில் படிகள் உண்டு, முட்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த லட்சுமண தீர்த்தம் கே.ஆர்.எஸ். நீர்த்தேக்கத்தில் காவிரியோடு சேர்கிறது. அம்மாவிடம் அதையும் சொல்லுங்கள்.

அங்கிருந்து வனத்துறை ஆளோடு மேலே ஏறினால் முதலில் அடர்ந்த காடு. வெளிச்சம் கீழே இறங்காத அளவு மரங்கள். அதன் பிறகு நரிமலை முகாம். அதையும் தாண்டினால் காடு சட்டென்று விலகிப் புல்வெளி திறக்கும். உச்சிக்குப் போய்வர ஒரு நாள் முழுக்க ஆகும். சிகரத்தில் நின்றால் ஒரு பக்கம் குடகு, மறுபக்கம் வயநாடு. நடைப் பழக்கம் இல்லாதவர்கள் நரிமலை வரை போய்த் திரும்பினாலும் காட்டின் சாரத்தைப் பார்த்துவிடலாம். புல்வெளியில் ஏறும் கடைசிப் பகுதிதான் மூச்சு வாங்க வைக்கும்.

அந்தப் புல்வெளியில்தான் நான் சொன்ன விஷயம் கண்ணுக்குத் தெரியும். புல் போர்த்திய முதுகுகளுக்கு நடுவே, மடிப்பு மடிப்பாக, பள்ளங்களில் மட்டும் கரும்பச்சையாகக் குட்டைக் காடு ஒளிந்திருக்கும். அதுதான் சோலை. காற்று அடிக்காத, ஈரம் தங்குகிற பள்ளத்தில்தான் அது வளரும். ஒரு சோலையின் ஓரத்தில் உட்கார்ந்து கையை மண்ணில் வைத்துப் பாருங்கள். மேலே அழுகிய இலை ஒரு சாண், அதன்கீழே கறுப்பு மண், விரல் எதிர்ப்பே இல்லாமல் இறங்கும். வெளியே எடுத்தால் ஈரம் விரலில் ஒட்டியிருக்கும், மழை விட்டு வாரக்கணக்கில் ஆகியிருந்தாலும். மரக்கிளைகளில் பாசியும் பெரணியும் போர்த்திக் கிடக்கும், அவையும் மூடுபனியிலிருந்து நீரைப் பிடிக்கும். சோலையின் அடி விளிம்பில், இரண்டு பாறைக்கு நடுவே, விரல் தடிமனில் ஓர் ஊற்று ஓசையில்லாமல் புறப்படும். இப்படி எத்தனையோ ஊற்றுகள் சேர்ந்துதான் மழைக்காலம் முடிந்த பிறகும் ஓடைகள் வற்றாமல் இருக்கின்றன. காட்டை வெட்டி மண்ணைத் திறந்துவிட்டால் அதே மழை ஒரே நாளில் வெள்ளமாக இறங்கிவிடும், பிறகு ஓடை காயும். அணை அந்த வெள்ளத்தைக் கொஞ்சம் பிடிக்கலாம், மண் சேர்ந்து அணையும் தூர்ந்து போகும். தை மாதம் வாய்க்காலில் தண்ணீர் வந்தால் சம்பாவின் கடைசி நனைப்பு நடக்கும் என்று காத்திருக்கிற நமக்கு, அந்த விரல் தடிமன் ஊற்று எவ்வளவு பெரியது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

குடகின் காடு முழுவதும் அரசாங்கக் காடு அல்ல. ஊருக்கு ஊர் தேவக்காடு உண்டு, தெய்வத்துக்கென்று விட்ட காடு. மாவட்டம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல். கோடாலி வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டால் பிழைத்தவை அவை. காப்பித் தோட்டங்களும் பழைய முறைப்படி பெருமரங்களின் நிழலிலேயே இருக்கின்றன, மரத்தில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். நம் வீட்டு டிகிரி காப்பியின் கொட்டையும் இப்படியொரு நிழலில் பழுத்து வந்ததாக இருக்கலாம். நீங்கள் போகும் பருவத்தில் பழம் சிவந்து பறிப்பு தொடங்கும் நேரம்.

மிருகங்களைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மலைக்காட்டில் நடந்து போய்ப் புலியையும் யானையையும் பார்ப்போம் என்று எதிர்பார்க்காதீர்கள். அவை இருக்கின்றன. யானை, காட்டெருது, கடமான், செந்நாய், கரடி எல்லாம் இந்தத் தொடரில் உண்டு. பெரும்பாலும் சாணத்தையும் தடத்தையும் மட்டும் பார்ப்பீர்கள், அதுவே நல்லது. கண்ணில் படக்கூடியவை வேறு. மரத்துக்கு மரம் தாவும் மலை அணில், செம்பழுப்பும் கறுப்புமாக, வாலோடு சேர்த்து ஒரு கஜ நீளம். கருமந்திக் கூட்டம், உடல் முழுக்கக் கறுப்பு, தலையில் மட்டும் வைக்கோல் நிறம். அவற்றின் ஆழ்ந்த 'ஹூ ஹூ' குரல் பள்ளத்தாக்கைத் தாண்டிக் கேட்கும். சோலைமந்தி எனும் சிங்கவால் குரங்கும் குடகின் மழைக்காடுகளில் உண்டு, ஆனால் அதைப் பார்க்க அதிர்ஷ்டம் வேண்டும்.

காது கொடுத்தால் இன்னும் நிறையக் கிடைக்கும். விடியலில் ஓடைப் பக்கம் யாரோ ஒரு பையன் மெட்டு தெரியாமல் விசில் அடிக்கிற மாதிரி கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. கருநீல உடம்பு, பாறைமேல் நின்று பாடும். தலைக்கு மேலே 'புஸ், புஸ்' என்று காற்றைக் கிழிக்கும் சத்தம் வந்தால் உடனே நிமிருங்கள், பெரிய இருவாட்சி பறக்கிறது. கூடு வைக்கும் காலத்தில் பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு பிளவு மட்டும் விட்டு. மாதக்கணக்கில் ஆண்தான் அத்திப்பழத்தைக் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். ஆண் ஒருநாள் வராவிட்டால் உள்ளே இருக்கும் தாயும் குஞ்சும் பட்டினி. இருவாட்சிக்கு வயதான பெரிய மரம் தேவை, அந்தப் பெரிய மரங்களின் விதையைக் காடெங்கும் கொண்டுபோய்ப் போடுவதும் அதுவேதான்.

பாம்புகளில் ராஜநாகம் இந்தக் காட்டின் தனிச்சிறப்பு. இலைகளைக் கூட்டிக் கூடு கட்டி முட்டையிடும் பாம்பு அது ஒன்றுதான். கோடையில் கட்டி, மழை தொடங்கும் சமயம் குஞ்சு பொரிக்கும். மனிதனைக் கண்டால் விலகத்தான் பார்க்கும். பச்சை, பழுப்பு என்று பல நிறங்களில் வரும் மலபார் குழிவிரியனைத்தான் கவனிக்க வேண்டும். அது நகராமல் கிளையிலேயே கிடக்கும், பார்க்காமல் கிளையைப் பிடிப்பவருக்கு ஆபத்து.

மீனைச் சொல்லாமல் விட்டால் காவிரிக்காரனாக எனக்கு மனம் ஆறாது. திமில் வைத்த மஹசீர், செம்மஞ்சள் துடுப்புள்ள பெருங்கெண்டை, காவிரி நீர்ப்பிடிப்பைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஆள் நீளத்துக்கு வளரும். அணைகள், வெடி வைத்து மீன் பிடித்தல், மணல் அள்ளுதல், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட வேறு இன மஹசீர் எல்லாம் சேர்ந்து அதை ஒடுக்கிவிட்டன. 2018இல் உலகச் சிவப்புப் பட்டியலில் மிக அபாயநிலையில் உள்ள இனமாகச் சேர்த்தார்கள். புலிக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்கு இதற்கும் கிடைக்க வேண்டும்.

பிரம்மகிரியின் மறுசரிவில், கேரளத்தில், திருநெல்லி. நாலு பக்கமும் மலை சூழ்ந்த பெருமாள் கோயில், பக்கத்தில் பாபநாசினி ஓடை, பிதுர்க்கடனுக்குப் பேர்போன இடம். அங்கே பார்க்க வேண்டியது கற்தூண்கள் மேல் ஓடும் கல் வாய்க்கால். கோயிலில் கிணறு கிடையாது. சிறைக்கல் அரசி ஒருத்தி தரிசனத்துக்கு வந்து தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது இதை அறிந்து, தண்ணீர் வரும்வரை இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாளாம். மலையிலிருந்து மூங்கிலில் கொண்டுவந்து, பிறகு கல்லில் வடித்தார்கள் என்பது கதை. வாய்க்கால் வெட்டிப் பிழைத்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கவே தோன்றும். இந்தப் பக்கத்து நீர் கபினியில் சேர்ந்து, திருமக்கூடல் நரசிபுரத்தில் காவிரிக்கு வருகிறது. மலையின் வடசரிவும் தென்சரிவும் கடைசியில் நமக்கே. மலை தாண்டி நடந்து போக இரண்டு மாநில வனத்துறையின் அனுமதியும் வேண்டும், உங்களுக்கு அது தேவையில்லை. குட்டா வழியாகச் சாலையில் போங்கள்.

தடியண்டமோள் 1,748 மீட்டர், குடகின் உயரமான சிகரம். அடிவாரத்தில் குடகு அரசர் 1792இல் கட்டத் தொடங்கிய நாலுநாடு அரண்மனை. பக்கத்தில் கக்கபே, தேனுக்குப் பேர்போன ஊர். அங்கே இகுதப்பா கோயில். கடல்வழியே மலபார் கரைக்கு வந்த உடன்பிறப்புகளில் ஒருவர் மலையேறி வந்து இகுதப்பாவானார் என்பார்கள். மழைக்கும் நெல்லுக்கும் அவர்தான் கடவுள். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிவரும் புத்தரி அறுவடைத் திருநாளுக்கு நாள் குறிப்பது இந்தக் கோயிலில்தான். முதல் கதிரை அறுக்கும்போது அவர்களும் 'பொலி, பொலி' என்று கூவுவார்கள். உங்கள் பயணம் அந்த நாளோடு ஒத்துவந்தால் மலையேற்றத்தைக்கூட விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை போக வேண்டாம், அதில் மாற்றுக் கருத்தே எனக்குக் கிடையாது. 2018 ஆகஸ்டில் குடகில் மலைகள் சரிந்து ஊர்கள் புதைந்தன. 2020 ஆகஸ்டில் தலைக்காவேரியிலேயே மலை சரிந்து, கோயில் அர்ச்சகர் குடும்பம் மண்ணுக்குள் போனது. மழை அதிகம் என்பது ஒரு காரணம். சாலைக்கும் விடுதிக்கும் சரிவின் அடியை வெட்டிச் செங்குத்தாக்குவது இன்னொரு காரணம். தங்கும் இடம் தேடும்போது, மலையை அண்மையில் வெட்டி எழுப்பிய 'வியூ' விடுதிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பழைய தோட்ட வீடுகளில் அறை விடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், சாப்பாடும் நன்றாக இருக்கும். கோடையில் காட்டுத்தீ பயத்தால் நடைப்பாதைகளை மூடிவிடுவார்கள். ஆகவே நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரைதான் சரியான காலம்.

நடைக்குக் கர்நாடக வனத்துறையின் இணையதளத்தில் முன்பதிவு கட்டாயம். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு, சனி ஞாயிறைத் தவிர்த்தால் எளிதாகக் கிடைக்கும். ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். வனத்துறை அனுப்பும் ஆள் சொல்வதைக் கேளுங்கள், அவர் நில் என்றால் நில்லுங்கள். யானை நிற்பது அவருக்கு முதலில் மூக்கில் தெரியும். நவம்பரிலும் காட்டுக்குள் அட்டை இருக்கும். கடித்தால் இழுக்க வேண்டாம், நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பினால் விடும். முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை மடிக்கேரிக் கடைகளில் கிடைக்கும். பிளாஸ்டிக் பாட்டிலை எண்ணி எடுத்துப் போய் எண்ணித் திரும்பக் கொண்டுவாருங்கள். அங்கே போடுவது நம் மதகில் வந்து சேரும்.

குடகு மாவட்டத்தில் ரயில் கிடையாது. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக மைசூருக்குப் போகும் ராத்திரி வண்டியில் ஏறினால் காலையில் மைசூர். அங்கிருந்து மடிக்கேரி சுமார் 120 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி உண்டு. மடிக்கேரியிலிருந்து பாகமண்டலம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து தலைக்காவேரி 8 கிலோமீட்டர். அம்மா இருப்பதால் மைசூரிலேயே நாலு நாளைக்கு ஒரு கார் பேசிக்கொள்வது நல்லது. முதல் இரண்டு நாள் பாகமண்டலப் பக்கம் தங்குங்கள், மறு இரண்டு நாள் கோணிகொப்பல் அல்லது ஸ்ரீமங்கலா பக்கம். நீங்கள் மலை ஏறும் நாளில் அம்மா தோட்ட வீட்டில் ஓய்வெடுக்கட்டும், மாலையில் திரும்பி வந்து கூட்டிக்கொண்டு இருப்பு கோயிலுக்குப் போங்கள். தலைக்காவேரித் தீர்த்தம் எடுத்துவர மூடி இறுகிய சின்னச் செம்புக் குடம் ஒன்றை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள், அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்பார்கள்.